லைட் எரிஞ்சா பார்ட்டை மாத்தாதீங்க, முதல்ல அளந்து பாருங்க



ஒரு கேள்வி. உங்க வீட்டு கார் டேஷ்போர்டுல மஞ்சள் கலர்ல ஏபிஎஸ் லைட் எரிஞ்சா என்ன பண்ணுவீங்க? பாதிப் பேர் "பிரேக் பிடிக்குதுல்ல, அப்புறம் பாத்துக்கலாம்"னு ஓட்டுவோம். மீதிப் பேர் யூடியூப்ல தேடி, முதல் வீடியோவில் சொன்ன பார்ட்டை ஆர்டர் போடுவோம். நான் இரண்டாவது ரகம். அந்தக் கதையைச் சொல்லிட்டு என் கருத்துக்கு வர்றேன்.

அப்பா பூந்தமல்லியில் கால் டாக்ஸி ஓட்டுறார். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எங்க தெருவில் முழங்கால் தண்ணி. கார் இரண்டு நாள் அதுலயே நின்னுச்சு. இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகல, தப்பிச்சோம்னு நினைச்சோம். நாலு மாசம் கழிச்சு லைட் எரிய ஆரம்பிச்சது. சாவியைத் திருப்பும்போது எல்லா லைட்டும் ஒழுங்கா அணைஞ்சிடும். வண்டி ஸ்டாண்டை விட்டுக் கிளம்பி கொஞ்ச தூரம் போனதும் ஏபிஎஸ் லைட் மட்டும் திரும்ப வரும்.

நான் மூணாவது வருஷம் ட்ரிபிள்ஈ. வீட்டுக்கு நான்தானே இன்ஜினியர்! ஆன்லைன்ல மலிவா ஒரு ஓபிடி டாங்கிள் வாங்கிச் சொருகினேன். "கோளாறு எதுவும் இல்லை"னு காட்டுச்சு. அந்த மாதிரி டாங்கிள் பெரும்பாலும் இன்ஜின் கோடை மட்டும்தான் படிக்கும், ஏபிஎஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதுன்னு அப்போ எனக்குத் தெரியாது. வீல் ஸ்பீடு சென்சார்தான் அடிக்கடி போகும்னு வீடியோவில் சொன்னாங்க. 1,800 ரூபாய் கொடுத்து வாங்கி மாட்டினேன். லைட் போகல. அந்த 1,800 அப்பாவோட ஒருநாள் ஓட்டம்.

அப்புறம் ஒரு வொர்க்ஷாப்புக்குப் போனோம். ஸ்கேனர் போட்டாங்க. பம்ப் மோட்டார் சர்க்யூட்ல கோளாறுன்னு கோடு வந்தது. "ஏபிஎஸ் யூனிட் போயிடுச்சு, 38,000 ஆகும்"னு இரண்டே நிமிஷத்துல தீர்ப்பு. அப்பா முகத்தைப் பார்க்க முடியல. வெளியே வந்ததும் தெரிஞ்ச டிரைவர் ஒருத்தர், "ஃபியூஸைப் பிடுங்கி விட்டுடு, பல்பையும் கழட்டிட்டா லைட்டே வராது, நாங்கெல்லாம் அப்படித்தான் ஓட்டுறோம்"னு சொன்னார். உண்மையைச் சொல்றேன், எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு.

ஏபிஎஸ் இல்லைன்னா சாதாரண பிரேக் பிடிக்கும்தான். ஆனா மழை பெய்ஞ்ச சிடிஎச் ரோட்ல, முன்னாடி ஷேர் ஆட்டோ திடீர்னு நின்னா, சக்கரம் லாக் ஆகி வழுக்கும். அப்போ ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராத்தான் போகும். ஏபிஎஸ் இருக்கிறதே அந்த ஒரு நொடிக்காகத்தான். அதோட சேர்ந்து வேலை செய்யற பிரேக் அசிஸ்டும் அப்படித்தான். ஆபத்து நேரத்துல நாம பெடலை வேகமா மிதிப்போம், ஆனா போதுமான பலத்தோட மிதிக்க மாட்டோம். மிதிக்கிற வேகத்தை வச்சே அதைப் புரிஞ்சுக்கிட்டு முழு அழுத்தத்தையும் கொடுக்கிற வேலை அதோடது. மெர்சிடிஸ் 1996ல் இதைக் கொண்டு வந்தது. இந்தியாவில் 2019 ஏப்ரல்ல இருந்து கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம். ஃபியூஸைப் பிடுங்கினா இது எல்லாமே போச்சு.

கடைசியா திருமுல்லைவாயல்ல ஒரு வயசான ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட போனோம். அவர் எந்த பார்ட்டையும் கழட்டல. மல்டிமீட்டரோட ஒரு முனையை பேட்டரி மைனஸ்ல வச்சார், இன்னொரு முனையை ஏபிஎஸ் யூனிட்டோட எர்த் வயர்ல வச்சார். ஸ்கேனர் மூலமா பம்ப் மோட்டாரை ஓட விட்டார். மீட்டர் 2 வோல்ட் காட்டுச்சு. "தம்பி, இங்க சைபர் இருக்கணும். 2 வோல்ட்டை எவன் சாப்பிடுறான்?"னு கேட்டார். பாடில எர்த் போல்ட்டைக் கழட்டினா, உள்ளே பச்சையும் வெள்ளையுமா உப்பு பூத்திருந்தது. எமெரி பேப்பர்ல தேய்ச்சு, இறுக்கி, கிரீஸ் தடவினார். மறுபடி அளந்தா 0.08 வோல்ட். லைட் போயிடுச்சு. கூலி 500 ரூபாய்.

எனக்கு சந்தோஷத்தை விட வெட்கம்தான் அதிகமா இருந்தது. அவர் பண்ணினது வேற ஒண்ணுமில்ல, நாம முதல் வருஷம் மனப்பாடம் பண்ணி எழுதின ஓம் விதிதான். 0.1 ஓம் தடை, 20 ஆம்பியர் கரண்ட், பெருக்கினா 2 வோல்ட். அதே வயரை கரண்ட் ஓடாதப்போ ஓம் மீட்டர்ல அளந்திருந்தா "நல்லா இருக்கு"னுதான் காட்டியிருக்கும், ஏன்னா மீட்டர் வயரோட தடையே அதை விட அதிகம். லோடு கொடுத்து அளந்தாத்தான் குட்டு வெளிப்படும். வண்டி கிளம்பினதும் லைட் வந்ததுக்கும் காரணம் இதுதான். பல கார்கள்ல வண்டி நகர ஆரம்பிச்சதும் ஏபிஎஸ் தன் பம்பை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக்கும். அந்த நேரத்துல வோல்டேஜ் விழுந்தா கோடு பதிவாகிடும்.

இப்போ என் கருத்து. கோடு என்பது தீர்ப்பு இல்ல, புகார். காய்ச்சல்னு சொன்னா டாக்டர் உடனே ஆபரேஷன் பண்றதில்லையே! சி0035னு வந்தா "இடது முன்சக்கர சென்சார் சர்க்யூட்டைப் பாரு"ன்னு அர்த்தம். அந்த சர்க்யூட்ல சென்சார், வயர், கனெக்டர், பேரிங்ல இருக்கிற காந்த வளையம் எல்லாமே அடங்கும். பேரிங்கைத் திருப்பி மாட்டியிருந்தாக்கூட சிக்னல் வராது. அதனால எந்தக் கோடு வந்தாலும் இந்த வரிசையில் பாருங்க:

1. பேட்டரி. இன்ஜின் ஆஃப்ல 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்துல இருக்கணும், ஓடும்போது சுமார் 13.5ல இருந்து 14.5. பேட்டரி தளர்ந்தாலே பொய்க் கோடுகள் வரிசையா வரும்.

2. ஃபியூஸும் எர்த்தும். லோடு கொடுத்து வோல்டேஜ் டிராப் பாருங்க. 0.2க்கு மேல போனா சந்தேகப்படுங்க.

3. கனெக்டர். கழட்டி பச்சை பிடிச்சிருக்கா பாருங்க. வயரை ஆட்டி ஆட்டி ரீடிங் மாறுதான்னு பாருங்க.

4. சென்சார். பழைய காயில் வகைன்னா ஓம் மீட்டர்ல அளக்கலாம். இப்போ வர்ற ஆக்டிவ் வகையை அப்படி அளக்காதீங்க, உள்ளே எலக்ட்ரானிக்ஸ் இருக்கு. சக்கரத்தை மெதுவா சுத்தினா கரண்ட் 7, 14 மில்லி ஆம்பியர்னு மாறி மாறி வரணும்.

5. ஏபிஎஸ் யூனிட்டோட பேச்சே இல்லைன்னா கேன் லைன். பேட்டரியைக் கழட்டிட்டு ஓபிடி போர்ட்டோட 6க்கும் 14க்கும் நடுவுல அளந்தா சுமார் 60 ஓம் வரணும். 120 வந்தா ஒரு பக்கம் அறுந்திருக்கு.

இது எல்லாம் சரியா இருந்தா மட்டும்தான் யூனிட்டைக் குறை சொல்லணும். ஒரு விஷயம்: ஏபிஎஸ் லைட்டோட சிவப்பு பிரேக் லைட்டும் சேர்ந்து எரிஞ்சா சோதனை எல்லாம் அப்புறம், வண்டியை ஓரங்கட்டுங்க.

"வொர்க்ஷாப்காரங்க எல்லாரும் ஏமாத்துறாங்க"னு நான் சொல்ல வரல. அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. இரண்டு மணி நேரம் தேடி ஒரு போல்ட்டை இறுக்கினா, "போல்ட் இறுக்க 500 ரூபாயா?"னு சண்டை போடுறது நாமதான். பார்ட் மாத்தினா மட்டும் பேசாம பில் கட்டுறோம். கண்டுபிடிக்கிறதுக்கு நாம கூலி கொடுக்காத வரை, யாரும் கண்டுபிடிக்க மெனக்கெட மாட்டாங்க. டாக்டருக்குக் கன்சல்டேஷன் ஃபீஸ் கொடுக்கிறோமில்ல? மெக்கானிக்குக்கும் செக்கிங் சார்ஜ் கொடுக்கப் பழகணும்.

நம்ம காலேஜ் பக்கமும் குறை இருக்கு. நாம படிக்கிற இடம் சாதாரண இடமா? பாடியில் 1962லயே பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும் பிரேக் தயாரிக்க வந்தாச்சு. சுந்தரம் கிளேட்டனோட பிரேக் பிரிவு 1998ல் டெமிங் பரிசே வாங்குச்சு. அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி டேங்க் ஃபேக்டரின்னு சுத்தி இவ்வளவு இருக்கு. ஆனா நம்ம லேப்ல எல்லா சர்க்யூட்டும் சரியா வேலை செய்யற மாதிரியே இருக்கு. கோளாறான சர்க்யூட்டைக் கொடுத்து "கண்டுபிடி"ன்னு ஒரு எக்ஸ்பெரிமென்ட் கூட இல்ல. வேலைக்குப் போனா நம்மகிட்ட வரப்போறது கோளாறுதான், அது முதல் தடவை வர்றப்போ நாம முழிக்கிறோம்.

அதனால என் கோரிக்கை ஒண்ணு. புதுப்பேட்டையில் பழைய ஏபிஎஸ் யூனிட், வயரிங், இரண்டு சென்சார் வாங்கி, பலகையில் மாட்டி, ஒவ்வொரு வாரமும் ஒரு கோளாறை ஒளிச்சு வைக்கலாம். ஆட்டோமொபைல், ட்ரிபிள்ஈ, ஈசிஈ மூணு டிபார்ட்மென்ட்டும் சேர்ந்தா செலவு பெருசா வராது. எச்ஓடிகிட்ட பேச நான் ரெடி. உங்கள்ல யார் கூட வர்றீங்க? வரும்போது மறக்காம ஒரு மல்டிமீட்டர் கொண்டு வாங்க.