அவள் தயக்கம் உங்கள் வெற்றி அல்ல

"எனக்கு லவ்வுன்னாலே பயமா இருக்கு மேடம்" என்று சொல்லும் மாணவி ஒருத்தி ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பில் இருக்கிறாள். இந்த ஆண்டு சொன்னவளுக்கு வயது பதினேழு. சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள். அவளுடைய பெற்றோர் சாதி கடந்து காதலித்து மணந்தவர்கள். இப்போது ஆளுக்கொரு வீட்டில் இருக்கிறார்கள்.

அவள் பயத்தைக் கேட்டு உறவுக்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். "ஆத்தா பட்டதப் பாத்து மகளுக்குப் புத்தி வந்துட்டு" என்கிறார்கள். அடுத்த மூச்சிலேயே, "பதினெட்டு முடியட்டும், நல்ல இடமாப் பாத்துருவோம்" என்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். காதலுக்கு வேண்டாம் என்றவள் கல்யாணத்துக்குச் சரி என்று எப்போது சொன்னாள்? குழந்தைத் திருமணத்தைத் தடுக்க 2006ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த எல்லை 18. நம் வீடுகளில் அதுவே கெடு தேதியாகிவிட்டது.

காதல் திருமணம் முறிந்தால் காதலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். பத்துப் பொருத்தம் பார்த்து, நகை பேசி, பத்திரிகை அடித்து நடத்திய திருமணம் முறிந்தால் மட்டும் 'அவ தலையெழுத்து'. மாப்பிள்ளை பார்த்தவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரை உள்ள மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே பெரும்பாலான திருமணங்கள் பெரியவர்கள் பார்த்துச் செய்பவை. அந்த அடிகளை எந்தக் காதலின் கணக்கில் எழுதுவது?

என் மாணவியின் அம்மா முதல் அடி வாங்கியதும் பிறந்த வீட்டு வாசலுக்குத்தான் போனார். "நீயாத் தேடிக்கிட்டது, நீயே அனுபவி" என்று கதவைச் சாத்தினார்கள். அடித்தவனுக்கு அதைவிட வேறென்ன தைரியம் வேண்டும்? பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989இலும் நாடு முழுமைக்கும் 2005இலும் சட்டம் வந்தது. 'பெற்றோர் காட்டிய மாப்பிள்ளையைக் கட்டியவளுக்கு மட்டும்' என்று அதில் ஒரு வரியும் இல்லை. அந்த வரியை எழுதிக்கொண்டது நம் குடும்பங்கள். மகள் திரும்பி வரும் வழியை அடைத்துவிட்டு, அவள் விழுந்ததைப் பேத்திக்குப் பாடமாகச் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வெளியே மட்டும் என்ன வாழ்கிறது? 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், நடுத்தெருவில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். ஒரு பெண் அவரைத் தேர்ந்தெடுத்ததுதான் காரணம். 2012 நவம்பரில் காரைக்காலில் வினோதினி ஒருவனை மறுத்தார். ஆசிட் வீசப்பட்டு மூன்று மாதத்தில் இறந்துபோனார். சரி என்றாலும் அரிவாள், மாட்டேன் என்றாலும் ஆசிட். இந்த ஊரில் ஒரு பதினேழு வயதுப் பெண் காதலைத் தள்ளி நின்று பார்த்தால், அவளுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்று பொருள். 'கல் மனசுக்காரி' என்று பையன்கள் சொல்வதும் 'குடும்பப் பொண்ணு' என்று பெரியம்மாக்கள் மெச்சுவதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அவள் பார்த்ததை அவளிடமிருந்து பிடுங்குகின்றன.

எங்கள் ஊர்க் கோமதியம்மன் தான் காண விரும்பியதைக் கண்ணால் காணும்வரை தவம் இருந்தாள் என்பது தலபுராணம். ஆடித்தபசுக்கு லட்சம் பேர் கூடி அந்தக் காத்திருப்பைக் கும்பிடுகிறார்கள். வீட்டுப் பெண் 'பொறுங்கள், பார்க்கிறேன்' என்றால் மட்டும் ஒரு வருடம் பொறுக்க மாட்டார்கள்.

அவளுக்கு அறிவுரை வேண்டாம். படிப்பை முடிக்க விடுங்கள். கையில் சொந்தச் சம்பளம் வரட்டும். யாரை மணந்தாலும், மணக்காமலே இருந்தாலும், பிறந்த வீட்டுக் கதவு திறந்திருக்கட்டும். அவள் அம்மாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதைப் படிக்கும் மாணவிக்கு ஒரு வார்த்தை. இன்று நீ வேண்டாம் என்பது உன் முடிவு. நாளைக்கு வேண்டும் என்று தோன்றினால் அதுவும் உன் முடிவே. இரண்டுக்கும் நடுவில் உன் பயத்தைக் காட்டி உனக்குத் தாலி எடுக்க எவர் வந்தாலும், "நான் உங்களிடம் மாப்பிள்ளை கேட்கவில்லை" என்று சொல். உரக்கச் சொல்.