பூனையிலும் பிழையில்லை, அவளிலும் பிழையில்லை

சுருவில், வேலணை, ஊர்காவற்றுறை என்று எந்த ஊரை எடுத்தாலும், ஒரு பெண்ணுக்குக் கரு அழிஞ்சால் விசாரணை அவளிடமிருந்துதான் தொடங்கும். என்ன சாப்பிட்டனீ, என்னத்தைத் தூக்கினனீ, ஏன் அந்த நேரத்தில வெளியில போனனீ? இப்போது அந்தப் பட்டியலில் பூனையும் சேர்ந்துவிட்டது. “பூனையை மடியில வச்சுக் கொஞ்சினா வேற என்ன நடக்கும்?” முன்பு தோஷத்தின் பெயரால் சொன்னதை இன்று விஞ்ஞானத்தின் பெயரால் சொல்கிறோம், அவ்வளவுதான்.

விஞ்ஞானம் அப்படிச் சொல்லவில்லை.

டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி 1908இல் கண்டறியப்பட்டது. அது பூனையின் குடலில்தான் முழுமையாக இனம்பெருக்குகிறது என்பது 1970 அளவில் தெளிவானது. உண்மைதான். ஆனால் பெரும்பாலான பூனைகள் வாழ்க்கையில் ஒரு தடவை, அதுவும் ஓரிரு கிழமைகள்தான் இதை மலத்தோடு வெளியேற்றும். வெளியேறிய உடனே அது தொற்றாது; ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை செல்லும். பூனையைத் தடவுவதால் தொற்று வருவது மிக அரிது. ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் கர்ப்பிணிகளிடம் நடந்து 2000இல் வெளியான ஆய்வில், 30 முதல் 63 வீதமான தொற்றுக்குச் சரியாக வேகாத இறைச்சியே காரணமாகக் காணப்பட்டது. பூனையோடு பழகுவதற்கும் தொற்றுக்கும் தொடர்பு தெரியவில்லை.

எங்கள் வீடுகளில் இறைச்சி நன்றாக வெந்துதான் வரும். அப்போ கவனிக்க வேண்டியது பச்சை இறைச்சி வெட்டிய கை, கத்தி, பலகை, தோட்டத்து மண், சரியாகக் கழுவாமல் அரிந்த வல்லாரைச் சம்பல், கொதிக்காத தண்ணி. குளோரின் போட்டாலும் இந்த ஒட்டுண்ணியின் முட்டைக்கூடு சாகாது, கொதிக்க வைத்தால் சாகும். நல்ல தண்ணிக்கே பவுசரைப் பார்த்துக்கொண்டிருக்கிற தீவுகளில், சுத்தமான தண்ணீர் ஒரு பெண்ணின் தனிப்பட்ட பொறுப்பா?

அடுத்த அநியாயம் ஆய்வுகூட ரிப்போர்ட்டில் நடக்கிறது. இரண்டு, மூன்று தடவை கரு அழிந்தவள் காசு கட்டி “டோர்ச்” பரிசோதனை செய்கிறாள். “ஐஜிஜி பொசிட்டிவ்” என்று வருகிறது. வீடே தீர்ப்பு எழுதிவிடுகிறது. அந்த வரிக்குப் பொருள், எப்போதோ கிருமி வந்தது, உடம்பு எதிர்ப்புச் சக்தியை உருவாக்கிவிட்டது என்பதுதான். நல்ல நோயெதிர்ப்பு உள்ள பெண்ணுக்குக் கர்ப்பத்துக்கு முன்பே வந்துபோன தொற்று பொதுவாகச் சிசுவைத் தாக்காது. “ஐஜிஎம்” மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருசத்துக்கு மேலும் இரத்தத்தில் நிற்கும். தொற்று புதிதா பழையதா என்று அறிய “அவிடிட்டி” என்ற இன்னொரு பரிசோதனை இருக்கிறது.

ஆபத்து, கர்ப்ப காலத்தில் முதல் தடவையாகத் தொற்று வரும்போதுதான். ஆரம்ப மாதங்களில் சிசுவுக்குக் கடத்தப்படும் வாய்ப்புக் குறைவு, கடத்தப்பட்டால் பாதிப்புக் கடுமை: கரு அழியலாம், மூளையும் கண்ணும் பாதிக்கப்படலாம். பிந்திய மாதங்களில் இது தலைகீழ். ஆகவே அடுத்தடுத்த கருச்சிதைவுக்குப் பழைய தொற்றைக் காரணம் காட்டுவது பெரும்பாலும் பொருந்தாது. பிரித்தானிய மகப்பேற்று மருத்துவர்களின் றோயல் கல்லூரியும், தொடர் கருச்சிதைவுக்கு வழமையாக டோர்ச் செய்வதைக் கைவிடச் சொன்னது. ஆரம்பத்தில் அழியும் கருக்களில் ஏறத்தாழ அரைவாசி நிறமூர்த்தக் கோளாறால் அழிபவை. அதற்கு யாரில் பிழை பிடிப்பது?

“அப்ப கவனமே தேவையில்லையோ?” தேவை. ஆனால் அதை அவள் தலையில் மட்டும் கட்டாதீர்கள். பூனையின் மலத்தை நாளாந்தம் கணவன் அள்ளட்டும். இறைச்சியையும் அவனே வெட்டலாம். கீரையைக் கழுவுவதும் தண்ணியைக் கொதிக்க வைப்பதும் வீட்டில் எல்லோருக்குமான வேலை. பூனைக்குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையடியில் விடுவதால் எந்தக் கருவும் காப்பாற்றப்படாது.

தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்ததற்காக 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் பெற்ற நாடு இது. குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுப் படலை வரை வருகிறார். இந்த விளக்கத்தையும் அவர் வழியாகச் சொல்லலாம், மாமியும் கணவனும் இருக்கும்போதே. காசு வாங்கும் ஆய்வுகூடம், முடிவின் பொருளைத் தமிழில் எழுதித் தரலாம்.

அதுவரைக்கும், ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண்ணைக் குற்றக்கூண்டில் ஏற்றுகிறவர்களிடம் கேளுங்கள்: “இது பழைய தொற்றோ, புதுசோ? அதைப் பார்த்தனீங்களோ?”