கல்யாணத்துக்கும் ஓர் ஒப்பாவணம்

கல்யாணமே ஆகாத பி.காம். பையனுக்கு இதில் என்ன கருத்து என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் சொந்தத்தில் இரண்டு வருடத்தில் மூன்று கல்யாணம் பார்த்துவிட்டேன். மூன்றிலும் சண்டை ஒரே மாதிரிதான் ஆரம்பித்தது.

பெரிய காரணம் எதுவும் இல்லை. காலையில் யார் முதலில் எழுந்திருப்பது, ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டது யார், சம்பளத்தில் யார் அம்மாவுக்கு எவ்வளவு... இவ்வளவுதான். மண்டபம், மேளம், போட்டோ என்று ஆறு மாதம் பேசியவர்கள் இதில் ஒன்றைக்கூடப் பேசியிருக்கவில்லை.

எங்கள் பாடத்தில் கூட்டாண்மை என்று ஒரு பகுதி உண்டு. சேர்ந்து தொழில் தொடங்குபவர்கள் யாருக்கு என்ன வேலை, எவ்வளவு லாபம் என்று ஒப்பாவணம் எழுதிக்கொள்வார்கள். எழுதாமல் விட்டால் 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் குறுக்கே வரும். லாபமும் நட்டமும் எல்லோருக்கும் சமம் என்று சொல்லிவிடும்.

வீட்டுக்குள் அப்படி ஒரு சட்டம் இல்லை. பேசாமல் விட்டால் பழக்கம்தான் பங்கு பிரிக்கும். எப்படிப் பிரிக்கிறது? மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார். ஆண் 88 நிமிடம். அதுவும் வேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்த கணக்கு. பெரும்பாலான ஆண்கள் அதில் வரவே இல்லை!

என் பெரியம்மா பெண் 5 மணிக்கு எழுந்து, இரண்டு பேருக்கும் சாப்பாடு கட்டிவிட்டு ஆபீசுக்கு பஸ் பிடிக்கிறார். நாலாவது மாதமே "வேலையை விட்டுடட்டுமா?" என்று அழுதார். பெரியவர்கள் சொன்னது, "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா." மாமாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை. வெந்நீர் வைக்கக்கூட அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அந்த ஒரு சொல்லாமல் விட்டதற்கு அக்காவின் சம்பளமும் படிப்பும் விலையா?

குடும்பத்தில் கணக்குப் பார்க்கலாமா என்பார்கள். பார்க்காத குடும்பம் எது? மனசுக்குள் பார்க்கிறார்கள். மனசுக்குள் எழுதும் கணக்கை யாரும் தணிக்கை செய்ய முடியாது. ஒருநாள் மொத்தமாக வெளியே வரும்போது வட்டியோடு வரும்.

நிச்சயம் ஆனதும் ராத்திரி முழுக்க போனில் பேசுகிறீர்கள் அல்லவா? அதில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். யார் சமைப்பது, யார் துவைப்பது, யார் வீட்டுக்கு எவ்வளவு. கல்யாணம் ஆகிவிட்டதா? வருகிற ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசுங்கள். அனுசரிப்பதும் சரிபாதியாக இருக்கட்டும்.