முதல்ல ஒரே ஸ்ட்ரிங்!

நம்ம ஹாஸ்டல்ல கிட்டார் வச்சிருக்கிற பாதிப் பேர் கதை ஒண்ணுதான்: 5-வது ஃப்ரெட் பக்கத்துல ஒரு பென்டடானிக் பாக்ஸ், அதைத் தாண்டினா கை நின்னுடும். நானும் அப்படித்தான். போன கல்ச்சுரல்ஸ்ல சோலோவுக்கு எட்டு பார் கிடைச்சுது. மூணாவது பார்லயே வாசிச்சதையே திரும்ப வாசிச்சிட்டிருந்தேன்.

அப்புறம் ஏழு மோடுக்கும் ஏழு பேட்டர்ன்னு செமஸ்டருக்குப் படிக்கிற மாதிரி மனப்பாடம் பண்ணினேன். விரல் ஓடுச்சு, பாட்டு வரலை.

என் கருத்து இதுதான்: படத்தை மூடி வைங்க. ரெண்டாவது ஸ்ட்ரிங்ல மட்டும் 1, 3, 5, 6, 8, 10, 12, 13-னு வாசிங்க. அது சி மேஜர், நம்ம சங்கராபரணம். இப்போ நாலாவது ஸ்ட்ரிங்கை எதுவும் அழுத்தாம ஒலிக்க விட்டு, அதே ஸ்வரங்களை 3-ல ஆரம்பிச்சு 15 வரை வாசிங்க. அது டி டோரியன், நம்ம கரகரப்ரியா. ஸ்வரம் ஒண்ணுகூட மாறலை, ‘ஸ’ மட்டும்தான் இடம் மாறிச்சு. கர்நாடக இசையில் இதுக்குப் பேர் கிரகபேதம். காது இதைப் பிடிச்சிட்டா, மோடுங்கிறது பேட்டர்ன் இல்லைன்னு புரிஞ்சிடும்.

பாக்ஸே வேண்டாம்னு சொல்லலை. வேகத்துக்கு அது வேணும். ஆனா முதல்ல காது, அப்புறம்தான் விரல். தினமும் பத்து நிமிஷம் போதும். அடுத்த கல்ச்சுரல்ஸ்ல பார்ப்போம்!