சி.என்.சி. மெஷின் சத்தம் போட்டால் கம்ப்யூட்டரைத் திட்டாதீர்கள்

சாப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்குபவன் நான். ஆனாலும் சொல்கிறேன். வீட்டில் வைத்திருக்கும் சின்ன சி.என்.சி. மெஷின் கோணலாக வெட்டினால் உடனே சாப்ட்வேரை அழித்து மீண்டும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். மெஷின் பக்கத்தில் போய் நின்று காது கொடுத்துக் கேளுங்கள்.

சி.என்.சி. தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பிரிண்டர் பேப்பரில் மை வைப்பது போல, கம்ப்யூட்டர் சொல்லும் வழியில் சுழலும் வெட்டுக் கருவியை நகர்த்தி மரத்தையும் பிளாஸ்டிக்கையும் செதுக்கும் மெஷின் இது.

சித்தப்பா தன் புது வீட்டுக்குப் பெயர்ப்பலகை கேட்டார். அதற்கு அவர் கொடுத்தது கடையில் வாங்கிய பலகை இல்லை. தாத்தா வீட்டை இடித்தபோது எடுத்து வைத்த தேக்குக் கதவின் ஒரு துண்டு. முதல் வார்த்தை அழகாக வந்தது. இரண்டாவது வார்த்தையில் எழுத்துகள் மெல்ல வலது பக்கம் நகர ஆரம்பித்தன. கடைசி ‘ம்’ வந்தபோது புள்ளி எழுத்தை விட்டு 3 மி.மீ. தள்ளி நின்றது. நான் இரண்டு நாள் மாலை முழுக்க டிரைவரை மாற்றினேன், யு.எஸ்.பி. கேபிளை மாற்றினேன், பைலை மீண்டும் உருவாக்கினேன். முதல் நாளிலிருந்தே அந்த மெஷின் திசை மாறும்போதெல்லாம் ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நான்தான் காதில் ஹெட்போன் மாட்டியிருந்தேன்.

இங்கே ஒரு விஷயம் புரிய வேண்டும். பல இங்க்ஜெட் பிரிண்டர்களின் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்று குறுக்காக ஓடும். அதிலுள்ள கோடுகளைப் படித்துத் தன் தலை எங்கே இருக்கிறது என்று பிரிண்டர் தெரிந்துகொள்ளும். நம் மலிவு விலை சி.என்.சி.யில் பெரும்பாலும் அப்படி எதுவும் கிடையாது. ‘200 ஸ்டெப் போ’ என்று கன்ட்ரோலர் சொல்லும். போனதா என்று கேட்காது. நடுவில் நழுவினாலும் திரையில் எண்கள் சரியாகவே இருக்கும். அதனால்தான் திரையைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது என்கிறேன்.

எல்லாச் சத்தமும் கெட்டதில்லை. நகரும்போது பாட்டுப் போல வரும் ஒலியும், நிற்கும்போது வரும் மெல்லிய ரீங்காரமும் ஸ்டெப்பர் மோட்டாருக்கு இயல்பு. ‘கர்ர்ர்’ என்று உறுமிக்கொண்டு மோட்டார் அதிர்கிறது, ஆனால் மேஜை நகரவில்லை என்றால் ஸ்டெப் நழுவுகிறது. வேகம் அதிகம், அல்லது ஸ்க்ரூவில் மரத்தூள் அடைத்திருக்கிறது, அல்லது ஒரே தடவையில் ஆழமாக வெட்டச் சொல்லியிருக்கிறீர்கள். இந்த மோட்டார்களில் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். ஒரு தடவை நழுவினால் 4 ஸ்டெப்பாவது போய்விடும். ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும் ஸ்க்ரூ என்றால் அது 0.16 மி.மீ. பத்து தடவை நழுவினால் பலகை வீண்.

என் மெஷினில் கேட்ட ‘டிக்’ வேறு வகை. மோட்டார் ஷாஃப்டையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கில் இருக்கும் குட்டி கிரப் ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு மார்க்கர் பேனா போதும். ஷாஃப்டிலிருந்து கப்ளிங் மீதும், அங்கிருந்து ஸ்க்ரூ மீதும் ஒரே நேர்கோடு போடுங்கள். பிறகு வெட்டுக் கருவியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பேனாவைக் கட்டி, கீழே பேப்பரை ஒட்டி ஒரு புள்ளி வையுங்கள். பேனாவைத் தூக்கி, 100 மி.மீ. போய்த் திரும்பி வருவதை இருபது தடவை செய்யச் சொல்லி, மறுபடி புள்ளி வையுங்கள். புள்ளி விலகி, மார்க்கர் கோடும் உடைந்திருந்தால் கப்ளிங்தான். கோடு அப்படியே இருந்து புள்ளி மட்டும் விலகினால் மோட்டார் ஸ்டெப் இழக்கிறது. இரண்டுமே சரியாக இருந்து, மரத்தில் மட்டும் விலகினால், வெட்டும் ஆழத்தைக் குறையுங்கள். மழுங்கிய கருவியை மாற்றுங்கள்.

செட்டிங்ஸுக்கு அதன் பிறகுதான் போக வேண்டும். ஜிஆர்பிஎல் பயன்படுத்துபவர்கள் $$ என டைப் செய்து $110 முதல் $112 வரை உள்ள வேகத்தையும், $120 முதல் $122 வரை உள்ள ஆக்சிலரேஷனையும் பாதியாக்கிப் பாருங்கள். உறுமல் நின்றால் மெல்ல ஏற்றலாம். அரை மணி நேரம் ஓடிய பிறகே தவறு வருகிறது என்றால் மோட்டார் டிரைவர் சிப் சூடாகிறது. ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: பவர் இருக்கும்போது மோட்டார் ஒயரைப் பிடுங்காதீர்கள், டிரைவர் சிப் எரிந்துபோகும்.

‘எதற்கும் ஒரு தடவை ஃபார்மட் பண்ணிப் பாருங்களேன்’ என்பது நம் ஊரில் எல்லாக் கோளாறுக்கும் சொல்லும் கஷாயம். கம்ப்யூட்டருக்கு அது சில சமயம் வேலை செய்யும். இரும்பும் ஸ்க்ரூவும் அதற்கு மசியாது.

அலன் கீயால் அரைச் சுற்று முறுக்கியதும் ‘டிக்’ நின்றது. தாத்தா வீட்டுப் பலகையில் நல்லவேளை பின்பக்கம் மிச்சம் இருந்தது. அதில் பெயரைச் செதுக்கிக் கொடுத்துவிட்டேன். கோணல் ‘ம்’ சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது சித்தப்பாவுக்கு இன்னும் தெரியாது.