'மனைவி' என்ற ஒற்றைச் சொல்

குடியாத்தத்தில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் அண்மையில் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் பற்றிப் பேச்சு எழுந்தது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை 1909-ல் ஜான் எவர்ஷெட் கண்டறிந்து அறிவித்த வரலாற்றை நண்பர் ஒருவர் அரைமணி நேரம் விரித்துரைத்தார். மேரி எவர்ஷெட்டை மட்டும், "அவருடைய மனைவி, ஆய்வில் உதவியாக இருந்தவர்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். அந்த ஒரு வரியோடுதான் எங்கள் வழக்கு.

1867-ல் இங்கிலாந்தில் பிறந்த மேரி ஆக்வொர்த் ஓர், 1906-ல் மணம் புரிவதற்கு முன்பே நூலாசிரியர். ஆஸ்திரேலியாவில் சில ஆண்டுகள் வாழ்ந்த அவர், தென்வானத்து விண்மீன்களை இனங்காண ஒரு கையேட்டைத் தாமே எழுதினார். அப்போது அவர் யாருக்கு உதவியாளர்?

1907 முதல் 1923 வரை கொடைக்கானல் வாழ்க்கை. சூரியப் புள்ளிகளை ஒட்டி எழும் பிழம்புகளின் வகைகளைப் பற்றி 1913-ல் தம் பெயரிலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1917-ல் வந்த பிழம்பு ஆய்வுத் தொகுதிக்கு அவர் கணவரோடு இணையாசிரியர். இலக்கியம் பேசும் நாம் கட்டாயம் அறிய வேண்டியது இன்னொன்று உண்டு. தாந்தேயின் காவியத்தில் பொதிந்துள்ள வானியலை ஆராயும் அவரது நூல் வெளிவந்ததும் இந்தக் கொடைக்கானல் ஆண்டுகளில்தான்.

"கண்டுபிடிப்பு கணவருடையதுதானே?" என்பார்கள். ஆம், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஜானுக்குரியதைப் பிடுங்கி மேரிக்குச் சூட்ட வேண்டியதில்லை. மேரிக்குரியதை மேரிக்குக் கொடுத்தாலே போதும். "அப்படியானால் அன்றைய அறிவுலகம் அவரை ஏன் ஏற்கவில்லை?" என்றும் கேட்பார்கள். லண்டன் ராயல் வானியல் கழகம் பெண்களை உறுப்பினராகச் சேர்க்கத் தொடங்கியதே 1916-ல்தான். மேரி 1924-ல் உறுப்பினரானார். கதவைச் சாத்தி வைத்துவிட்டு, உள்ளே ஏன் வரவில்லை என்று கேட்பது என்ன நியாயம்?

1930 முதல் 1944 வரை பிரித்தானிய வானியல் சங்கத்தின் வரலாற்றுப் பிரிவை வழிநடத்தியவர் அவர். நிலவின் பள்ளங்களுக்கும் மலைகளுக்கும் யார் யாருடைய பெயர்கள் இடப்பட்டுள்ளன, அவர்கள் யார் என்று விளக்கும் தொகுப்பை 1938-ல் அப்பிரிவு வெளியிட்டது. ஊரார் பெயர்களையெல்லாம் மறதியிலிருந்து மீட்டவருக்கு நம் கூட்டத்தில் கிடைத்தது ஒரே வரி.

இது வெறும் பழங்கதை அன்று. கொடைக்கானல் ஆய்வகத்தையும் நமக்கு அருகில் ஜவ்வாது மலைக் காவலூரில் உள்ள ஆய்வகத்தையும் நடத்துவது ஒரே நிறுவனம். நம் பள்ளிப் பெண்பிள்ளைகளைக் காவலூருக்கு அழைத்துச் சென்று 2.3 மீட்டர் தொலைநோக்கியைக் காட்டுகிறோம். அந்தப் பயணத்தில் நாம் சொல்லும் வரலாற்றில் பெண்ணுக்கு உதவியாளர் இடம் மட்டுமே இருந்தால், அவர்கள் கற்றுத் திரும்புவது வானியலை அல்ல, தங்கள் இடம் எது என்பதை.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை மேரி எவர்ஷெட்டைப் பற்றிப் பேசும்போது வானியலாளர், நூலாசிரியர் என்று தொடங்குங்கள். மனைவி என்பதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். ஜானையும் மேரியின் கணவர் என்று நாம் மறக்காமல் சொல்கிறோமா என்ன?