மாற்றுங்கள், ஆனால் எழுதி வையுங்கள்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஷிஃப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எந்த மெஷினில் எந்தக் குமிழைத் திருகினாலும், அடுத்த ஷிஃப்ட்காரர் கண்ணில் படும்படி எழுதி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிற இன்றைய பிள்ளைகளுக்கும் இந்தப் பாடம் வேண்டும் என்பது என் கட்சி.

என் பேரன் இன்ஜினியரிங் படிக்கிறான். அவன் புரோகிராம் எழுதுவது ஈமேக்ஸ் என்ற எடிட்டரில். ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர், யாரும் திருத்தலாம், யாருக்கும் கொடுக்கலாம் என்று 1985-இல் வெளியிட்டது. பொழுது போகாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன்.

நாம் எழுதியதை மெஷின் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவதற்குப் பெயர் கம்பைல். ஈமேக்ஸில் கம்பைல் என்று சொன்னால் உடனே ஓட்டாது. கீழே ஒரு வரியில் 'மேக் -கே' என்று காட்டி, நம் கையெழுத்துக்குக் காத்திருக்கும். வேண்டுமானால் அதைத் திருத்திவிட்டு என்டர் தட்டலாம்.

மேக் என்பது ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் பெல் லேப்ஸில் எழுதியது. எந்தப் பாகம் எதிலிருந்து வருகிறது என்று ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால், மாறிய பாகத்தை மட்டும் மறுபடி செய்யும். கூட இருக்கும் 'கே', ஓரிடத்தில் பிழை வந்தால் அதைச் சார்ந்த வேலைகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தொடரச் சொல்வது. நூறு கோப்பு உள்ள பெரிய வேலைக்கு இது நல்ல ஏற்பாடு. எல்லாப் பிழைகளையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாம்.

ஒரே ஒரு கோப்பு எழுதும் மாணவனுக்கு இது பொருந்தாது. அவனிடம் அந்தக் குறிப்புக் கோப்பே இருக்காது. எதைச் செய்வது என்று தெரியாமல் மேக் கையை விரித்துவிடும். ஆகவே கட்டளையை மாற்றத்தான் வேண்டும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எங்கே மாற்றுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கேட்கும்போது திருத்தினால் ஈமேக்ஸை மூடும் வரைக்கும்தான் நிற்கும். அதனால் பிள்ளைகள் தங்கள் சொந்த அமைப்புக் கோப்பில் எழுதிவிடுகிறார்கள். அது அவரவர் கம்ப்யூட்டரில் மட்டும் இருப்பது. என் பேரனும் அப்படித்தான் செய்தான். வர்க்கமூலம் கணக்கிடும் புரோகிராம் என்பதால், கணித லைப்ரரியையும் சேர்த்துக்கொள் என்று கட்டளையில் போட்டிருந்தான். அவனிடம் நன்றாக ஓடியது. கூட்டாளியிடம் கோப்பை அனுப்பினான். அங்கே ஓடவில்லை. மறுநாள் காலையில் கல்லூரியில் காட்ட வேண்டும். புரோகிராமில் தப்பே இல்லாமல், ராத்திரி இரண்டு மணி வரை இரண்டு பேரும் அதில் தப்பைத் தேடினார்கள்.

அவர்களுக்குப் போனது தூக்கம் மட்டும். நான் வேலை பார்த்த இடத்தில் இதைவிடப் பெரிதாகப் போயிருக்கிறது. இரவு ஷிஃப்டில் ஒருவர் ஸ்டீம் லைனில் ஒரு வால்வைத் தன் வசதிக்குத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். லாக் புக்கில் எழுதவில்லை, வால்வில் சீட்டும் மாட்டவில்லை. அது மூடியிருக்கிறது என்று நம்பிக் காலையில் ஃபிளாஞ்சைக் கழற்றிய ஃபிட்டருக்கு முன்கை வெந்துபோனது. வால்வைத் திறந்தது குற்றமில்லை. அதைத் தன் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதுதான் குற்றம்.

ஈமேக்ஸில் சீட்டு மாட்ட இடம் இருக்கிறது. புரோகிராம் கோப்பின் முதல் வரியிலோ கடைசியிலோ, இந்தக் கோப்புக்கு இதுதான் கம்பைல் கட்டளை என்று குறிப்பாக எழுதி வைக்கலாம். அதைப் படித்து, அந்தக் கோப்புக்கு மட்டும் அந்தக் கட்டளையை ஈமேக்ஸ் எடுத்துக்கொள்ளும். கோப்பு எங்கே போனாலும் சீட்டும் கூடவே போகும். ஈமேக்ஸ் இல்லாதவர் திறந்தாலும் அந்த வரியைக் கண்ணால் படித்துத் தெரிந்துகொள்வார். வேலை பெரிதானால் மேக்குக்கு உரிய குறிப்புக் கோப்பையே எழுதிவிடுவது இன்னும் நல்லது. இரண்டுமே அடுத்தவர் பார்க்கிற இடம்.

இன்னொன்றும் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் கேட்கிறதே என்று அலுத்துப்போய், அந்தக் கேள்வி வராதபடி செய்துவிடுகிறார்கள். அதற்கும் வசதி இருக்கிறது. ஆனால் முன்பின் தெரியாதவர் அனுப்பிய கோப்பில் எந்தக் கட்டளை எழுதியிருக்கிறதோ யாருக்குத் தெரியும்? இதை ஈமேக்ஸ் எழுதியவர்களும் யோசித்திருக்கிறார்கள். கேள்வி கேட்கும் ஏற்பாடு இருக்கும் வரைதான் கோப்பில் உள்ள கட்டளையை அது ஆபத்தில்லாததாக ஏற்றுக்கொள்ளும். கேள்வியை நிறுத்திவிட்டால், கோப்பைத் திறக்கும்போதே இதை நம்பலாமா என்று கேட்கும்.

ஸ்விட்ச் போடும் முன் லைனில் ஆள் இருக்கிறாரா என்று குரல் கொடுப்போமே, அதற்கு எத்தனை நொடி ஆனது? என்டர் தட்டும் முன் அந்த ஒரு வரியைப் படிக்கவும் அவ்வளவு நேரம்தான் ஆகும். படித்துவிட்டுத் தட்டுங்கள், பிள்ளைகளே.